வழக்கில் வராதவர்

தமக்குரிய நிலத்தை ஒருவர் பிறருக்கு விற்பதும், எவருக்கும் தனியுரிமையாக இல்லாத ஒன்றை அரசு அலுவலகம் ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதும் ஒன்றாகா. நில விற்பனையில் கொடுப்பவரும் வாங்குபவரும் உளர்; மூன்றாமவர் நேற்று இழக்காத எதையும் இன்று இழப்பதில்லை. வணிகக்குறியும் காப்புரிமையும் பதிவாகும்போது நிகழ்வது வேறு. வணிகக்குறி என்பது ஒரு வணிகரின் சரக்கைப் பிறர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், உருவம், முத்திரை முதலியவற்றைக் குறிக்கும். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றை 20 ஆண்டுக் காலம் பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையாகும். இவ்விரண்டிலும் பதிவேட்டில் ஒருவர் பெயர் ஏறியவுடன், அந்த அலுவலகத்தின் வாசலையே கண்டிராத கோடிக்கணக்கான மக்கள் நேற்றுவரை செய்யத் தடையில்லாத ஒன்றை இனிச் செய்யக் கூடாதவர்கள் ஆகின்றனர். உலகினர் அனைவர்மீதும் செல்லுபடியாகும் உரிமை என்று சட்டவியலார் இதனை வகைப்படுத்துவர்.

இவ்வாறு பார்க்கும்போது, பதிவாளரின் ஆணையை எதிர்த்து மேல் மன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீட்டைத் தோற்றவரின் மனக்குறையைத் தீர்க்கும் ஏற்பாடு என்ற அளவில் நிறுத்திவிட இயலாது. அங்கே மறுபடியும் எடை போடப்படுவது, அந்த ஆணையால் கட்டுப்படுத்தப்பட்டும் வழக்கில் வராமல் போன அனைவரின் நிலையுமாகும். மருந்துக்கும் இயந்திரத்துக்கும் இது பொருந்துமெனினும், தெய்வத்தின் பெயரோ மறைநூலின் பெயரோ பதிவுக்கு வரும்போது இதன் கூர்மை மிகுகிறது. ஏனெனில் அங்கே வராதவர் பட்டியலில் அடியார்களோடு அந்தத் தெய்வமும் இடம்பெறுகிறது.

நடைமுறையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். வணிகக்குறி வேண்டுவோர் மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை, அகமதாபாத் ஆகிய ஐந்து பதிவகங்களுள் தம் வணிக இடத்துக்குரிய ஒன்றில் விண்ணப்பிப்பர். ஆய்வாளர் அதைப் பார்வையிட்டு ஏற்றால், வாரந்தோறும் வெளிவரும் வணிகக்குறி இதழில் அது விளம்பரமாகும். அன்றிலிருந்து நான்கு மாதத்துக்குள் எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். இரு தரப்பையும் கேட்டுப் பதிவாளர் தரும் ஆணையால் பாதிக்கப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் சட்டம் நடைமுறைக்கு வந்த 2003 செப்டம்பர் 15 முதல், இந்த மேல்முறையீடுகளைக் கேட்பதற்கென்றே அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் என்னும் தீர்ப்பாயம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. தீர்ப்பாயம் என்பது, பொது நீதிமன்றங்களுக்கு வெளியே, ஒரு துறை வழக்குகளை மட்டும் கேட்பதற்காகச் சட்டத்தால் அமைக்கப்படும் மன்றமாகும். இவ்வாரியத்தில் சட்ட உறுப்பினரோடு துறையறிவு உடைய தொழில்நுட்ப உறுப்பினரும் அமர்ந்தனர். 2007 முதல் காப்புரிமை அலுவலகத்தின் ஆணைகள்மீதான மேல்முறையீடுகளும் இவ்வாரியத்திடம் வந்தன.

இவ்வாரியம் தொடங்கிய சில காலத்திலேயே அதன் முன் வந்த ஒரு வழக்கு, பொருளளவில் சிறியது. எழுப்பிய வினாவோ பெரியது. பாட்னாவில் ஊதுவத்தியும் வாசனைப் பொருளும் விற்ற வணிகர் ஒருவர், கிரீடம் ஒன்றின் உருவத்தோடு ‘ராமாயண்’ என்ற பெயரைத் தம் வணிகக்குறியாகப் பதிய விண்ணப்பித்தார். அதே சரக்கை விற்ற மற்றொரு வணிகர், அது இந்துக்களின் மறைநூற்பெயர் என்றும், பலரும் வழங்கிவரும் பெயர் என்றும் கூறி எதிர்ப்பு மனு கொடுத்தார். உதவிப் பதிவாளர் 2004இல் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டார். மேல்முறையீட்டை ஏற்ற வாரியம் 2005இல் அவ்வாணையை நீக்கிற்று. விண்ணப்பித்த வணிகர் உச்ச நீதிமன்றம் சென்றார். 2015 அக்டோபர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, குர்ஆன், விவிலியம், குரு கிரந்த சாகிபு, ராமாயணம் போன்ற மறைநூல்களின் பெயரைச் சரக்குக்கோ சேவைக்கோ உரிய வணிகக்குறியாக எவரும் தனியே கோர இயலாது என்று கூறியது.

இவ்வழக்கின் முன்னணியில் நிற்பது ஒரு சிறு காகித உறை. அதன்மேல் ‘ராமாயண்’ என்ற எழுத்தோடு ராமர், சீதை, இலக்குவன் ஆகியோரின் படமும் அச்சாகியிருந்தது. அதையே நீதிமன்றம், தெய்வ உருவங்களைக் கொண்டு ஆதாயம் தேடுவதன் அடையாளமாகக் குறித்தது. ஊதுவத்தி உறையின் வாழ்வு விந்தையானது. வத்தி பூசையறையில் ஏற்றப்படும். தீர்ந்த பின் உறை குப்பைக்குப் போகும். சில வீடுகளில் படம் உள்ள பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவைப்பார்கள், அல்லது ஓடும் நீரில் விடுவார்கள். விற்பவருக்கு அது சரக்கின் மேலுறை. வாங்குபவருக்குப் பாதி மேலுறை, பாதி திருவுருவம். பதிவாளர் விற்பவரின் கண்ணால் பார்த்தார். வாரியம் வாங்குபவரின் கண்ணாலும் பார்த்தது. மேல்முறையீட்டில் புதிய சான்று பெரிதாக வந்துவிடவில்லை. பார்வை இடம் மாறியது.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. வாரியத்தின் வாசலைத் தட்டியவர் அடியார் அல்லர், போட்டி வணிகர். அவருக்கு ராமாயணத்தின் தூய்மையைவிடத் தம் ஊதுவத்தியின் விற்பனையே கவலையாக இருந்திருக்கக் கூடும். அதில் குறை காண்பதற்கில்லை. இரு வணிகரின் பூசலிலிருந்து பொதுமக்கள் அனைவருக்கும் உரிய ஒரு முடிவு பிறந்தது. போட்டியாளர் அன்று வாளாவிருந்திருந்தால், அந்தப் பெயர் எவரும் கேட்காமலேயே ஒருவரின் உடைமை ஆகியிருக்கும்.

இந்தக் கேள்வியை இராமநாதபுரம் கடற்கரையில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. ஏனெனில் இராமகாதையின் பெயர்கள் இங்கே ஊராகவும் துறையாகவும் கோயிலாகவும் பரந்து கிடக்கின்றன. பாக் நீரிணைக் கரையில், தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த மீனவ ஊர் திருப்பாலைக்குடி. அதற்குத் தெற்கே தேவிபட்டினத்தில் இராமர் கடலுக்குள் நவக்கிரகங்களை நிறுவி வழிபட்டதாகவும், வடக்கே உப்பூரில் வெயிலுகந்த விநாயகரை வணங்கியதாகவும் மரபு கூறும். இன்னும் தெற்கே திருப்புல்லாணியும் சேதுக்கரையும் இராமேசுவரமும் உள்ளன. இப்பகுதியில் சேது என்னும் பெயர் அரசரின் பட்டத்தில் உண்டு, கடைப் பலகையில் உண்டு, பேருந்தில் உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிலும் சேது என்றே பொறித்தனர்; கடலின் இருபுறத்தாரும் ஒரே பெயரைத் தத்தம் முத்திரையாகக் கொண்டிருந்தனர்.

கரையில் நிற்கும் வல்லங்களும் வத்தைகளும் இதற்கு ஒரு தீர்வையே காட்டுகின்றன. இக்கடற்கரை நெடுகிலும் படகின் அணியத்தில் குலதெய்வத்தின் பெயரோ, இறைநேசர் ஒருவரின் பெயரோ, மாதாவின் பெயரோ எழுதுவது வழக்கம். அதனருகே மீன்வளத் துறை அளித்த பதிவு எண்ணும் தீட்டப்பட்டிருக்கும். எண் ஒரு படகுக்கே உரியது. கடலில் படகு பிடிபட்டாலும் காணாமற் போனாலும் மானியம் பெற்றாலும் அதுவே பேசும். பெயரோ எத்தனை படகுக்கும் உரியது. பக்கத்துப் படகும் அதே தெய்வத்தின் பெயரைத் தாங்கி நிற்பதால் எவருடைய பாதுகாப்பும் குறைவதாக மீனவர் எண்ணுவதில்லை. பெயரை இட்டவர் கேட்டது அடைக்கலம், அடையாளத்தை அவர் எண்ணிடம் விட்டுவிட்டார். வணிகக்குறிச் சட்டமோ இவ்விரண்டு வேலையையும் ஒரே பெயரின் தலையில் ஏற்றுகிறது. காக்கும் பெயர் பலருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பிரித்துக் காட்டும் பெயர் ஒருவருக்கே உரியதாக இருக்க வேண்டும். ஒரே சொல்லிடம் இரண்டையும் கேட்பதிலிருந்தே இவ்வகை வழக்குகள் அனைத்தும் பிறக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாட்டில் லட்சுமி, கிருஷ்ணா, கணேஷ், முருகன் எனத் தெய்வப் பெயர் தாங்கிய வணிகக்குறிகள் எண்ணற்றவை பதிவாகியிருக்க, மறைநூற்பெயருக்கு மட்டும் ஏன் இத்தடை? 1993ஆம் ஆண்டின் வணிகக்குறிகள் மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழு, தெய்வங்கள், வழிபாட்டிடங்கள் தொடர்பான சின்னங்களைப் பொதுவாகப் பதியலாகாது என்று கருதியது. ஆயினும் முன்பே பதிவானவற்றைத் தொட்டால் சந்தையில் பெருங்குழப்பம் விளையும் என்று அஞ்சித் தடையை வற்புறுத்தாமல் விட்டது. ஆகவே சட்டம் நடுவழியில் நிற்கிறது. இந்தியக் குடிமக்களுள் எவ்வகுப்பினரின் சமய உணர்வையும் புண்படுத்தக் கூடிய குறியைப் பதியலாகாது என்று மட்டும் அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. காலணிக்கோ இறைச்சிக்கோ தெய்வப் பெயர் இடுவதைப் பதிவகம் மறுக்கிறது. நெய்க்கும் அரிசிக்கும் இடுவதைப் பெரும்பாலும் மறுப்பதில்லை.

நெய்யைப் பற்றியே ஒரு முன்மாதிரி உண்டு. வங்காளத்து நெய் நிறுவனம் ஒன்று ‘ஸ்ரீ’ என்ற எழுத்தைத் தன் குறியில் நெடுங்காலம் வழங்கிவந்தது. அவ்வெழுத்தின்மீது தனியுரிமை கோருவதில்லை என்று நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும் எனப் பதிவாளர் நிபந்தனை விதித்தார். உரிமைத் துறப்பு என்று இதனைக் கூறுவர். மேல்முறையீட்டில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கியது; 1955இல் உச்ச நீதிமன்றம் பதிவாளரின் ஆணையையே மீண்டும் நிலைநிறுத்தியது. இங்கே மேல் மன்றம் கீழ் அலுவலகத்தின் அறிவை உறுதிசெய்தது. திருமகளையும் மங்கலத்தையும் ஒருங்கே குறித்து, இந்துக்கள் எழுதும் கடிதத்தின் தலைப்பில் நிற்கும் ஓர் எழுத்து, ஒரு நெய் டப்பாவுக்குள் அடைபட்டுவிடக் கூடாது என்று முதலில் கண்டவர் பதிவகத்தின் அலுவலரே. ஏறத்தாழ இதே வழியில், கிருஷ்ணா என்ற பெயரைப் பற்றிய பால்பொருள் வழக்கில், தெய்வப் பெயர் வணிகத்துக்குப் பொதுவானது, அதை ஒருவர் மட்டும் வேலியிட்டுக் கொள்ள இயலாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2011இல் கூறியது.

ராமாயண வழக்கில் உச்ச நீதிமன்றம் திறந்துவைத்த ஒரு சாளரம் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. மறைநூற்பெயருக்கு முன்னோ பின்னோ வேறொரு சொல்லைச் சேர்த்து, அச்சொல்லும் அதே அளவு எழுத்தில் அமைந்தால், பெயர் தன் சமயச் சிறப்பை இழந்து பதிவுக்கு உரியதாகலாம் என்று அது கருதியது. இந்த அளவுகோல் வலுவற்றது என்றே கூற வேண்டும். புனிதம் எழுத்தின் பருமனைப் பொறுத்துக் கூடிக் குறைவதன்று. பக்கத்துச் சொல் பெரிதானதால் இராமகாதை சிறிதாகிவிடும் என்று எந்த அடியாரும் கருதார். ஆயினும் அந்நீதிமன்றத்தின் நெருக்கடியும் புரிந்துகொள்ளத் தக்கதே: முன்பே பதிவான ஆயிரக்கணக்கான குறிகளைத் தொடாமல், இனி வருவதை மட்டும் தடுக்க ஏதேனும் ஒரு கோட்டை அது வரைய வேண்டியிருந்தது.

மேல்முறையீட்டின் மெய்ப்பொருளைப் பற்றிச் சமய மரபுகள் சொல்வதைக் காணும்போது, இரு வேறு எண்ணங்கள் தெரிகின்றன. முதலாவது எண்ணம், தீர்ப்பு பிழைபடக் கூடும் என்பது. யாக்ஞவல்கிய ஸ்மிருதி, தவறாகத் தீர்க்கப்பட்ட வழக்கை அரசன் மறுபடி பார்த்து, தவறிய அவையினரையும் வென்றவரையும் இரட்டிப்புத் தண்டம் கட்டச் செய்ய வேண்டும் என்கிறது. முறையாகத் தோற்றும் தோல்வியை ஏற்காமல் மீண்டும் வந்து தோற்பவர்க்கும் இரட்டிப்புத் தண்டம் விதிக்கிறது. மேல்முறையீடு செய்பவரும் அதற்கு ஆளாகும் நீதிபதியும் ஒரே அளவு ஆபத்தில் நிற்கும் இவ்வேற்பாட்டில் ஒரு கடுமையான நேர்மை உண்டு. எனினும் அது தீர்ப்பு மாறியதையே நீதிபதியின் குற்றமாக்கிவிடுகிறது.

இரண்டாவது எண்ணம் குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தில் உள்ளது. ஒருவரின் ஆடுகள் இரவில் பிறர் வயலில் புகுந்து மேய்ந்த வழக்கை தாவூது நபியும் சுலைமான் நபியும் தீர்த்தனர். விரிவுரையாளர் கூற்றுப்படி, இழப்புக்கு ஈடாக ஆடுகளையே வயலுக்குரியவருக்குக் கொடுத்துவிடத் தந்தை தீர்த்தார். வயல் பழைய நிலைக்கு வரும்வரை ஆட்டின் பாலையும் உரோமத்தையும் வயலுக்குரியவர் துய்க்கட்டும், ஆட்டுக்குரியவர் வயலைப் பண்படுத்தித் தரட்டும், பின்னர் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்று மகன் தீர்த்தார். மகனுக்கு அவ்வழக்கைப் புரியவைத்ததாகக் கூறும் இறைவசனம், அடுத்த மூச்சிலேயே, இருவருக்கும் ஞானமும் அறிவும் அளித்ததாகக் கூறுகிறது. மேல் தீர்ப்பு நன்றாக இருப்பதற்குக் கீழ்த் தீர்ப்பளித்தவர் அறியாதவராக இருக்க வேண்டியதில்லை. உதவிப் பதிவாளர்மீது எவ்விதப் பழியுமின்றி அவருடைய ஆணையை நீக்கும் இன்றைய மேல்முறையீட்டு மரபு, அறிந்தோ அறியாமலோ இவ்வெண்ணத்துக்கே நெருங்கி நிற்கிறது.

திருப்புல்லாணியோடு தொடர்புடைய கதையோ இவ்விரண்டும் தொடாத ஓரிடத்தைத் தொடுகிறது. இலங்கைக்கு வழி கேட்டுத் தருப்பைப் புல்லில் மூன்று இரவு கிடந்த இராமன், கடலரசன் வராததால் சினந்து அம்பைத் தொடுத்தான். அப்போது கடலரசன் தோன்றி, ஆழமாக இருப்பது தன் இயல்பு என்று தன் தரப்பை எடுத்துரைத்தான். ஆணை பிறந்தபின் தரப்பைக் கேட்டு ஆணையைத் திருப்பிக்கொண்ட செயல் இது. முழுமையான மேல்முறையீடு என்றே கொள்ளலாம். ஆனால் தொடுத்த அம்பு வீணாகக் கூடாது. அதை எங்கே விடுவது என்று இராமன் கேட்க, வடக்கே துருமகுல்யம் என்ற பகுதியில் தன் நீரைத் தீண்டும் கொடியோர் வாழ்கின்றனர், அங்கே விடுக என்று கடலரசன் சுட்டினான். அம்பு அங்கே விழுந்து, அந்நிலம் பாலையாயிற்று என்கிறது வால்மீகி ராமாயணம். பின்னர் இராமன் அந்நிலத்துக்குப் பல வளங்களை வரமாக அளித்தான் என்பதும் உண்மையே. ஆயினும் துருமகுல்யத்தார் எவரும் அக்கடற்கரைக்கு அழைக்கப்படவில்லை. அவர்கள் கொடியவர்கள் என்பதற்கு எதிர்த்தரப்பின் சொல்லைத் தவிர வேறு சான்றும் அங்கே வைக்கப்படவில்லை. முன்னிலையில் இருந்த இருவரும் இணங்கினர். விலையை வராதவர் கொடுத்தனர்.

வணிகக்குறி வழக்கில் இரு வணிகர் தமக்குள் சமரசம் செய்துகொண்டு, ஒருவர் எதிர்ப்பை விலக்கிக்கொள்ள, மற்றவர் பதிவைப் பெற்றுச் செல்லும் ஒவ்வொரு முறையும் துருமகுல்யத்தின்மீது அம்பு விழுகிறதா என்று கேட்க இடமுண்டு. பதிவாளர்க்கு மனுதாரரின் இசைவையும் கடந்து பொதுநலத்தை நோக்கும் கடமை இருப்பது இதனாலேயே.

காப்புரிமையில் வராதவர் உயிருக்கே போராடுபவராக இருக்கலாம். குருதிப் புற்றுநோய்க்கு உரிய க்ளிவெக் என்ற மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்டிஸ் நிறுவனம் 1998இல் சென்னையில் விண்ணப்பித்தது. இந்திய மருந்து நிறுவனங்களோடு புற்றுநோயாளருக்கு உதவும் சங்கம் ஒன்றும் எதிர்த்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் விண்ணப்பத்தை மறுத்தது. மேல்முறையீடு வாரியத்தின் முன் வந்தபோது, யார் கேட்பது என்பதே முதல் வழக்காயிற்று: தொழில்நுட்ப உறுப்பினராக அமர இருந்தவர், கீழ் ஆணை பிறந்த காலத்தில் காப்புரிமைத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் என்பதால் நிறுவனம் ஆட்சேபித்தது; பூசல் உச்ச நீதிமன்றம் வரை சென்றபின், அவருக்கு மாற்றாக வேறொருவர் அமர்த்தப்பட்டார். தன் வழக்கில் தானே நீதிபதியாகலாகாது என்ற பழைய விதி, மருந்து நிறுவனத்துக்கும் கிடைத்தாக வேண்டிய ஒன்றுதான்.

2009 ஜூனில் வாரியம் அளித்த தீர்ப்பு நிறுவனத்துக்கு எதிராகவே அமைந்தது. முன்பே அறிந்த பொருளின் புதிய வடிவம், நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தாலன்றிக் கண்டுபிடிப்பாகாது என்னும் 3(டி) பிரிவை அது முதற்காரணமாகக் காட்டியது. அத்தோடு நில்லாமல், மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் விலையில் விற்கும் மருந்துக்குத் தனியுரிமை அளிப்பது பொது ஒழுங்குக்கு மாறானது என்று, ஒழுக்கத்துக்கும் பொது ஒழுங்குக்கும் முரணானவற்றை விலக்கும் 3(பி) பிரிவையும் துணைக்கு அழைத்தது. சட்டவல்லுநர் பலருக்கு இந்த இரண்டாவது காரணம் உவப்பாக இல்லை. ஒரு பொருளின் விலை அப்பொருளின் இயல்பன்று என்ற அவர்களின் வாதம் வலியுடையதே. ஆயினும் வாரியம் அங்கே செய்தது, மருந்து வாங்க இயலாமல் வீட்டிலேயே கிடக்கும் நோயாளியை மன்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியதாகும். அவரை எந்தப் பிரிவின் வழியாகக் கொண்டுவருவது என்பதில் அது தடுமாறியிருக்கலாம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் 3(டி) பிரிவின் வழியாகவே அதே முடிவை எட்டியது.

காப்புரிமைச் சட்டத்தில் சற்றே மறைவாக உள்ள ஒரு சமனின்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். காப்புரிமை வழங்கும் முன்னர் எவரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வென்று விண்ணப்பம் மறுக்கப்பட்டால் விண்ணப்பித்தவர் மேல்முறையீடு செய்யலாம். எதிர்ப்பு தோற்றுக் காப்புரிமை வழங்கப்பட்டாலோ, அதை எதிர்த்தவருக்கு அந்த நிலையில் மேல்முறையீடு இல்லை. தமக்கு அதில் நலன் உண்டென்று காட்டக் கூடியவர் ஓராண்டுக்குள் வேறு வகை எதிர்ப்பைத் தொடங்க வேண்டும். அரசிடம் ஒன்றைக் கேட்டவருக்கு மேல் மன்றத்தின் கதவு நேரே திறக்கிறது. கொடுக்காதே என்றவர் சுற்றி வர வேண்டியுள்ளது.

வாரியமே 2021 ஏப்ரல் 4 அன்று அவசரச் சட்டம் ஒன்றால் கலைக்கப்பட்டது. அதன் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குச் சென்றன. கலைத்ததற்கு இரங்குவோரும் மகிழ்வோரும் உளர். தலைவர் இன்றியும் தொழில்நுட்ப உறுப்பினர் இன்றியும் அது நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. காப்புரிமைக்குரிய உறுப்பினர் இல்லாத நிலையில் இருப்பவரைக் கொண்டே அவசர வழக்குகளைக் கேட்கலாம் என்று 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் இன்றியமையாமைக் கோட்பாட்டின் துணையோடு சொல்ல நேர்ந்தது. 20 ஆண்டே வாழும் உரிமையைப் பற்றிய மேல்முறையீடு பல ஆண்டு தூங்கினால், தீர்ப்பு வரும்போது தீர்க்க ஒன்றும் எஞ்சாது. சென்னை உயர் நீதிமன்றம் இவ்வழக்குகளுக்கெனத் தனிப் பிரிவுக்கான விதிகளை 2023 ஏப்ரலில் வெளியிட்டது. மன்றம் மாறியதால் வராதவரின் நிலை மாறியதா என்பதே இக்கட்டுரைக்கு உரிய கேள்வி. அதற்கு விடை, மன்றத்தின் பெயரைவிட, அம்மன்றம் யாரைத் தேடி அழைக்கிறது என்பதைப் பொறுத்தது.

அவ்வாறு தேடி அழைத்ததற்கு முன்மாதிரி உண்டு. கல்கத்தாவின் குடும்பம் ஒன்றில் பரம்பரை வழிபாட்டு மூர்த்தியை முறைக்காரர்கள் தத்தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்ற பூசல், மேல்முறையீடாக இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1925இல் அது, இந்துத் திருவுருவம் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆளுமை, அதன் விருப்பமும் கருதப்பட வேண்டும் என்று கூறி, வழக்காடும் குடும்பத்தார் எவரும் அதற்காகப் பேசத் தகுதியற்றவர் என்று கண்டு, எவ்வித நலனும் அற்ற ஒருவரைத் தெய்வத்தின் சார்பில் அமர்த்தி மறுபடி விசாரிக்கக் கட்டளையிட்டது. வழக்கில் இல்லாத தரப்பை மேல் மன்றமே கண்டுபிடித்தது. உச்ச நீதிமன்றம் 2000இல் குரு கிரந்த சாகிபு என்னும் மறைநூலையே சட்ட ஆளுமையாக ஏற்றது. 2019இல் முடிந்த அயோத்தி வழக்கில் குழந்தை இராமரே ஒரு தரப்பாக நின்றார். நிலத்துக்காக வழக்காட வந்த இராமர், தம் காதையின் பெயருக்காக நடந்த ஊதுவத்தி வழக்கில் தரப்பாக இல்லை. எவரும் அவரை அழைக்கவும் இல்லை.

தெய்வத்தின் சார்பில் கோயிலே பெயரைப் பதிந்துவிடுவது ஒரு வழியாகத் தோன்றலாம். பழனித் தண்டாயுதபாணி சுவாமி கோயிலின் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. ஓர் ஊரின் மண்ணோடும் முறையோடும் பிணைந்த பொருளின் பெயரை அவ்வூருக்கு வெளியே உள்ளோர் வழங்காதபடி காப்பது புவிசார் குறியீடாகும். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023இல் அது கிடைத்தது. மிளகாய் விளைவிப்போர் யாவர் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். பிரசாதத்துக்கு உரியவர் யாவர் என்பதை அவ்வளவு எளிதில் கணக்கிட இயலாது. கேரளத்தின் ஆற்றுக்கால் கோயில் அறக்கட்டளை அம்மனின் படத்தையே வணிகக்குறியாகப் பதிந்தபோது, காப்பதற்கும் கைப்பற்றுவதற்கும் இடையே உள்ள எல்லை எங்கே என்ற ஐயம் பக்தர்களிடையே எழுந்ததில் வியப்பில்லை.

சட்டம் எதிர்ப்பு மனு கொடுக்கும் உரிமையை எவருக்கும் என்று பரந்த சொல்லால் வழங்குகிறது. மேல்முறையீட்டு உரிமையைப் பாதிக்கப்பட்ட எவருக்கும் என்று ஓரளவு சுருக்குகிறது. சேது என்ற பெயரையோ தம் தர்காவில் அடங்கிய பெரியவரின் பெயரையோ ஒரு நிறுவனம் தனதாக்கிக்கொண்டால், திருப்பாலைக்குடியில் வலை பின்னும் ஒருவர் பாதிக்கப்பட்டவர் ஆவாரா? அவருக்குச் சரக்கு இல்லை, விற்பனை இல்லை, இழப்பு என்று காட்டப் பணக்கணக்கும் இல்லை. படகில் எழுதிய பெயர் மட்டும் உண்டு. சமய உணர்வைப் புண்படுத்தலாகாது என்று 9ஆம் பிரிவு சொல்லியிருக்க, அவ்வுணர்வு உடையவரைப் பாதிக்கப்பட்டவர் என்று கொள்வதே அதற்குப் பொருந்திய பொருள்கோளாகும். வணிக இழப்பையே பாதிப்பின் அளவாகக் கொண்டால் அப்பிரிவு போட்டி வணிகர் கையில் மட்டுமே கருவியாக எஞ்சும். ஆனால் அவர் மேல்முறையீடு வரை செல்வதற்கு முன் எதிர்ப்பு மனு கொடுத்திருக்க வேண்டும். அதற்கு மின்வழிக் கட்டணம் சரக்கு வகுப்பு ஒன்றுக்கு 2,700 ரூபாய். மனு ஆங்கிலத்திலோ இந்தியிலோ அமைய வேண்டும். அந்தப் பெயர் தமிழெழுத்திலேயே பதிவுக்கு வந்தாலும், அதைப் பற்றிய விளம்பரம் ஆங்கிலத்தில் வெளிவரும் இதழில், பல ஆயிரம் குறிகளுக்கு நடுவே, அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லாமல் வந்து நான்கு மாதத்தில் காலாவதியாகும்.